பெரிய பொடியன்கள் எங்கே போகிறார்கள்?

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புத் தம்பிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பரீட்சை விசயத்தைப் பிறகு எழுதுகிறேன், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு கேள்வி போட்டிருந்தீர். பாரமான பொடியன்களையெல்லாம் மற்ற விளையாட்டுகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன, அதனால்தான் ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் முந்தினமாதிரி ஆட்கள் இல்லை, சரிதானே சேர் என்று. அந்தச் 'சரிதானே'தான் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. தொலைக்காட்சியில் யாரோ ஓர் அமெரிக்க வர்ணனையாளர் சொன்னதை நம்முடைய ஆட்கள் அப்படியே எடுத்து, கொழும்புக்கும் பொருத்தி, திருகோணமலைக்கும் பொருத்திப் பேசுகிறார்கள். நீராவது யோசித்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. 100 கிலோ எடையோடு ஓடவும் தெரிந்த ஒரு பொடியனை அங்கே பாடசாலையிலேயே அமெரிக்க உதைபந்தாட்டப் பயிற்றுநர் கண்டுவிடுவார். பல்கலைக்கழகம் புலமைப்பரிசில் கொடுத்துக் கூப்பிடும். குத்துச்சண்டைக்கு அப்படி ஒரு வழி இல்லை. முந்தி இருந்தது. 1960இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழக மாணவர் சார்லி மோர் ஒரு போட்டியில் அடிபட்டு இறந்தார். அதோடு கல்லூரிகளுக்கான தேசியச் சம்பியன்ஷிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்களின் பெயர்களைப் பாரும். அலி, ஃபிரேசியர், ஃபோர்மன், நோர்ட்டன், ஹோம்ஸ். கல்லூரிக் கதவு மூடிய பிறகுதான் ஹெவிவெயிட்டின் மிகச் சிறந்த காலமே வந்தது. அப்போது அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கு மவுசு குறைவாக இருந்ததா? இல்லை. ஜோர்ஜ் ஃபோர்மன் சிறுவயதில் ஆசைப்பட்டதே அந்த ஆட்டத்துக்குத்தான். வறிய இளைஞர்களுக்கு அரசாங்கம் நடத்திய ஜொப் கோர்ப்ஸ் தொழிற்பயிற்சித் திட்டத்தில் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒருவர் கையுறையைப் போட்டுவிட்டார். 1968இல் மெக்சிக்கோவில் ஒலிம்பிக் தங்கம். 1973இல் அலியின் தாடையை உடைத்த கென் நோர்ட்டன் கல்லூரியில் அமெரிக்க உதைபந்தாட்டக்காரர். குத்துச்சண்டையைப் பழகியது மரைன் படையில். டியோன்டே வைல்டர் 20 வயதில் தொடங்கி 2008 பீஜிங்கில் வெண்கலம் எடுத்தார். இப்போதைய ஒலெக்சாண்டர் உசிக்கும் உக்ரேனில் உதைபந்தாடிக்கொண்டிருந்த பொடியன்தான்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது, தம்பி. 50 கிலோக்காரன் பத்து வயதில் தொடங்காவிட்டால் பிந்திவிடுவான். அந்த வேகம் சின்ன வயதிலேயே கைகாலில் ஊற வேண்டும். ஹெவிவெயிட்காரனுக்கு உடம்பே பதினெட்டு வயதுக்குப் பிறகுதான் நிறைகிறது. அதுவரை அவன் எந்த விளையாட்டில் இருந்தாலும் நட்டமில்லை. அங்கே பழகிய காலும் மூச்சும் அவனோடு கூட வரும். ஆகவே மற்ற விளையாட்டுகளைக் கள்வர் என்று சொல்லாதேயும். பதினெட்டு, இருபது வயதில் அவனை இந்தப் பக்கம் இழுக்க ஒரு கதவு திறந்திருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சதீஷ் குமார். உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷஹர் பக்கத்துக் கிராமத்துப் பொடியன், கபடிக்காரன். குத்துச்சண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. 2008இல் இந்திய இராணுவத்தில் சேர்கிறார். ராணிகேத்தில் இராணுவப் பயிற்றுநர்கள் அந்த உடம்பைப் பார்க்கிறார்கள். கபடியை விட்டுவிட்டுக் கையுறையைப் போடச் சொல்கிறார்கள். 2014 ஆசிய விளையாட்டில் வெண்கலம், 2018 கொமன்வெல்த்தில் வெள்ளி. பிறகு டோக்கியோ ஒலிம்பிக்: சூப்பர் ஹெவிவெயிட்டில் அங்கே போன முதல் இந்தியர் அவர்தான். முதல் சண்டையில் ஜமேக்காக்காரரை வென்றார், முகம் கிழிந்தது. காலிறுதியில் எதிரே நின்றவர் உஸ்பெகிஸ்தானின் பக்கோடிர் ஜலோலொவ், இரண்டு மீட்டர் உயரம், அந்தமுறை தங்கத்தையும் எடுத்தவர். முகத்தில் தையல்களோடு சதீஷ் மூன்று சுற்றும் நின்றார். தோற்றார்தான். இருந்தாலும் அந்த மூன்று சுற்றையும் நீர் தேடிப் பார்க்க வேண்டும். பின்கால் எப்போதும் வளைந்தே இருப்பதைக் கவனியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பாடிப் போனவனின் கால் அது. கபடி அவரைக் களவெடுத்ததா, வளர்த்துக் கொடுத்ததா?

அவருக்கு முந்தியவர்களும் இதே வாசலால் வந்தவர்கள். 1966லும் 1970லும் பாங்கொக்கில் ஆசியத் தங்கம் வென்ற ஹவா சிங் இராணுவ வீரர். 1982 டெல்லியில் தங்கம் வென்ற கௌர் சிங்கும் அப்படித்தான். 1980 ஜனவரியில் டெல்லிக் காட்சிப் போட்டியில் முகமது அலியோடு மோதியவரும் அவரே. மூன்று தலைமுறை, ஒரே கதவு.

இனி நம்முடைய நாட்டுக்கு வருவோம். 1938 சிட்னியில் பார்னி ஹென்றிகஸ் எடுத்த தங்கம் ஃபெதர்வெயிட். 40 வருட இடைவெளிக்குப் பிறகு 2008இல் ஒலிம்பிக் போன அனுருத்த ரத்நாயக்க ஃப்ளைவெயிட். 2018 கோல்ட் கோஸ்டில் வெண்கலம் எடுத்த மூவரும் 48, 49, 52 கிலோ. எல்லாம் இலேசான எடைகள். 'கொழும்பு, கண்டிப் பாடசாலைகளில் பாரமானவர்களை றக்பி எடுத்துக்கொள்கிறது' என்று உடனே பதில் வரும். அங்கே அதைக் கொஞ்சம் ஒத்துக்கொள்கிறேன். திருகோணமலையில் யார் எடுக்கிறார்கள்? மக்கெய்சர் மைதானத்திலோ ஏகாம்பரம் மைதானத்திலோ ஒரு பின்னேரம் போய் நின்று பாரும். உதைபந்தாட்டத்துக்கு 95 கிலோப் பொடியன் தேவையில்லை. கிரிக்கெட்டுக்கும் தேவையில்லை. வருடத்தில் ஒருநாள் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் குண்டு போடக் கூப்பிடுவார்கள். கயிறு இழுத்தலில் கடைசி ஆளாக நிறுத்துவார்கள். பிறகு அவன் திருக்கடலூரில் கரைவலை இழுப்பான், அல்லது லொறிக்கு மூட்டை ஏற்றுகிற நாட்டாமையாவான். இங்கே அவனை ஒருவரும் களவெடுக்கவில்லை. அவனைத் தேடி ஒருவரும் வரவேயில்லை.

உமக்குத் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு, நீர் பிறந்தது பிந்தி. சுற்றிவளைப்பும் சோதனைச் சாவடியுமாக இருந்த யுத்த வருடங்களில் தோள் அகன்ற பொடியன் வீட்டுக்கு ஒரு பயம். வரிசையில் நின்றால் அவன்மேல்தான் முதலில் கண் விழும். கையில் காய்ப்பு இருந்தால் அதற்கும் கேள்வி. பிள்ளை மெலிந்து, கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று தாய்மார் நினைத்தார்கள். அப்படி ஒரு தலைமுறை போன ஊரில் முஷ்டியைத் தூக்குகிற விளையாட்டு எப்படி வளரும்? இதைக் கணக்கில் எடுக்காமல் கிரிக்கெட்டின் தலையில் பழியைப் போடுகிறவர்களை என்னால் பொறுக்க முடிவதில்லை.

உயரத்துக்கு ஒரு விளையாட்டு இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தைப் பாரும். இரண்டு மீட்டரைத் தாண்டிய உயரம். வலைப்பந்தாட்டத்தில் அந்த உயரத்துக்கு ஓர் இடம் காத்திருந்தது, நாட்டுக்கு ஆசியக் கிண்ணம் வந்தது.

சரி, கதவு திறந்துவிட்டது என்றே வைப்போம். அதற்குப் பிறகும் ஹெவிவெயிட்காரன் ஏன் நிலைக்கிறானில்லை? ஒரு பயிற்சிக்கூடத்தில் 95 கிலோப் பொடியன் ஒருவன் சேர்கிறான். மற்றவர்கள் எல்லாம் 52, 57, 60. அவனுக்கு 16 அவுன்ஸ் கையுறையை மாட்டி ஒரு 63 கிலோக்காரனோடு ரிங்குக்குள் விடுகிறார்கள். வலக்கை அசைந்ததுமே வெளியிலிருந்து "மெதுவா, மெதுவா" என்று சத்தம் வருகிறது. அவன் குத்தைப் பாதியில் நிறுத்தப் பழகுகிறான். தனக்கு விழும் குத்து நோவதில்லை என்பதால் இடக்கையைக் கீழே விடப் பழகுகிறான். சின்னவனைத் துரத்திப் பிடிக்க முடியாததால் நடுவில் நின்று சுழலப் பழகுகிறான். ஆறு மாதத்தில் மூன்று கெட்ட பழக்கங்கள். போட்டி நாளில் அவனுடைய எடையில் வேறு ஆள் இல்லை, குத்தாமலே பதக்கம். வெளிநாட்டுக்குப் போய்த் தன் எடைக்காரன் ஒருவனின் கையிலிருந்து முதல் குத்தை வாங்கும்போதுதான், இதுவரை தான் குத்துச்சண்டையே பழகவில்லை என்று அவனுக்குத் தெரிகிறது. மற்ற விளையாட்டுகள் கொண்டுபோனதைவிட இந்தத் தனிமை கெடுத்த ஹெவிவெயிட்காரர்தான் அதிகம் என்பது என் திடமான எண்ணம்.

ஏ. ஜே. லீப்லிங் என்ற அமெரிக்கர் 1956இல் 'த ஸ்வீட் சயன்ஸ்' என்றொரு புத்தகம் போட்டார். குத்துச்சண்டையைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதிய வேறொருவரை நான் படித்ததில்லை. அவருக்கும் அப்போதே இதே கவலை. தொலைக்காட்சியில் இலவசமாகச் சண்டை காட்டத் தொடங்கியதும் சின்னச் சின்ன மன்றங்கள் மூடிவிட்டன, இளம் வீரர் தொழில் பழக இடமில்லை என்று ஆதங்கப்படுகிறார். நான் சொல்வதும் அதுதான்: கூட நின்று அடிபட ஆள் வேண்டும். கியூபாவைப் பாரும். பேஸ்போல் என்றால் உயிரை விடுகிற நாடு, நம்மைவிடக் குறைந்த சனத்தொகை. அங்கிருந்து தியோஃபிலோ ஸ்டீவன்சன் மூன்று ஒலிம்பிக் தங்கம், ஃபெலிக்ஸ் சவோன் மூன்று ஒலிம்பிக் தங்கம், இருவரும் ஹெவிவெயிட். பேஸ்போல் அவர்களைத் தடுக்கவில்லை. விளையாட்டுப் பாடசாலைகளில் நாட்டின் பாரமானவர்களை ஓரிடத்தில் சேர்த்து, ஒருவரோடு ஒருவர் மோதவிட்டார்கள்.

குண்டு போடுகிற உமது சித்தப்பா மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர், 17 வயது, 94 கிலோ என்று. உயர்தரம் முடியும்வரை குண்டையே போடட்டும். இடுப்பைத் திருப்பி எறிகிற பழக்கம் பிறகு வலக்கைக் குத்துக்கு உதவும். கிழமைக்கு மூன்று நாள் கயிறு தாண்டச் சொல்லும். பரீட்சை முடிந்த பிறகு பயிற்சிக்கூடத்தில் கொண்டுபோய் விடலாம், நானும் வருகிறேன். ஆனால் அதற்குள் கிண்ணியா, மூதூர் பக்கம் எங்காவது கபடி ஆடுகிற இன்னொரு 90 கிலோக்காரனைத் தேடிப் பிடியும். இவனைத் தனியாக அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். போனால் இரண்டு பேரும் ஒன்றாகவே போகட்டும்.

அன்புடன்,
உமது ஆசிரியர்