மாலை கழற்றிய பிறகு
குடிநோய்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விளாத்திகுளத்துக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில், கரிசல் காட்டில் இருக்கிறது புதூர். மழையை நம்பி உளுந்தும் மக்காச்சோளமும் மிளகாயும் போடுகிற ஊர். வெள்ளாமை வந்தாலும் குடி, பொய்த்தாலும் குடி என்று கிடப்பவர்களைப் பற்றி இங்கே ஆளுக்கொரு கருத்து உண்டு. மீட்கும் வழிதான் பலருக்கும் தெரிவதில்லை. நாடு முழுக்க இதே கதைதான். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது. மற்றவர்களைத் தடுக்கும் காரணங்களில் நம் திண்ணைப் பேச்சும் ஒன்று.

நம்பிக்கை: “மாலை போட்டா தொடவே மாட்டாரு. நெனச்சா நிப்பாட்டிருவாரு.”

உண்மை: மாலை போட்டிருக்கும் நாட்களில் பலர் குடிப்பதில்லை என்பது சரி. அது எப்படி முடிகிறது? இரண்டு வேளைக் குளியல், பூசை, கூடவே நாலு சாமிகள், மேலே ஒரு குருசாமி. எதிரில் வருகிறவரெல்லாம் ‘சாமி’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். கடைக்குப் போவோம் என்று இழுக்க ஆளில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் இத்தனையும் கலைந்துபோகிறது. பழைய சேக்காளிகள் மட்டும் மிஞ்சுகிறார்கள். குடிநோய் மூளையின் போக்கையே மாற்றிவிடும் நோய். அதற்கு ஒரு மண்டலத் துணை பற்றாது. அந்தத் துணையை வருடம் முழுக்கக் கொடுப்பதுதான், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் சுயஉதவிக் குழுவின் வேலை.

நம்பிக்கை: “ரெண்டு நாள் ரூம்ல போட்டுப் பூட்டினா தெளிஞ்சிரும்.”

உண்மை: வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அடுத்து, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியும். உடம்பில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுவார். எந்த இடம், என்ன நேரம் என்று புரியாமல் பிதற்றுவார். பேய் பிடித்துவிட்டதென்று கோடாங்கியைக் கூப்பிடுவது இந்தக் கட்டத்தில்தான். உயிர் போகக்கூடிய கட்டமும் இதுவே. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்தும், பி1 வைட்டமினும் கொடுத்து ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டிய நேரம் இது. முதலில் மருத்துவர், பிறகு குழு.

நம்பிக்கை: “தெரியாம குழம்புல மருந்தைக் கலந்து குடுத்தா குடியே வெறுத்திரும்.”

உண்மை: டைசல்ஃபிரம் என்றொரு மாத்திரை உண்டு. அது மருத்துவர் எழுதிக்கொடுத்து, நோயாளி தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டியது. தெரியாமல் சாப்பிட்டவர் அதன்மேல் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிவது என்று போய், மாரடைப்பு வரைக்கும் ஆகலாம். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் விளம்பரம் ஒட்டி விற்கும் பொடியில் என்ன இருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது.

நம்பிக்கை: “நாலு குடிகாரங்க உக்காந்து பேசி என்னத்தக் கிழிக்கப் போறாங்க?”

உண்மை: 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொடித்த பங்குத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் உட்கார்ந்து பேசியதில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக, ஏ.ஏ. அது இந்தியாவுக்கு வந்தது 1957-ல். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 27 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2020-ல் தொகுத்துப் பார்த்தது. முறையாக வழிநடத்தி ஏ.ஏ.-வில் சேர்க்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் குடிக்காமல் இருந்தார்கள். வேறு சிகிச்சைகளில் அது 35 சதவீதம்.

நம்பிக்கை: “போனா ஊர் பூரா தெரிஞ்சிரும், காசும் கேப்பாங்க.”

உண்மை: கட்டணம் கிடையாது. சாதி, மதம் கேட்பதில்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. முழுப் பெயர்கூடச் சொல்ல வேண்டாம். அங்கே பேசியதை வெளியில் பேசுவதில்லை என்பது வழக்கம். உள்ளூரில் கூச்சமாக இருந்தால் பஸ் ஏறி வெளியூர்க் கூட்டத்துக்குப் போகலாம். குடிப்பவர் வர மறுத்தாலும் அவர் மனைவியோ தாயோ தனியாகப் போக அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. 1951 முதல் குடும்பத்தாருக்கென்றே இயங்குபவை அவை.

நம்பிக்கை: “அதெல்லாம் மெட்ராஸ்லதான். கிராமத்துக்கு ஏது?”

உண்மை: சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையே திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு, குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை அளித்தது. அந்த அனுபவம் 1994-ல் சர்வதேச ஆய்விதழ் ஒன்றிலும் வெளியானது. ஏ.ஏ. குழு அமையவும் சொந்தக் கட்டடமோ அரசு உத்தரவோ வேண்டியதில்லை. குடியை விட நினைக்கும் இரண்டு மூன்று பேர் கூடினாலே ஏ.ஏ. கணக்கில் அது ஒரு குழு. ஒரு பள்ளி வகுப்பறை, வாரத்தில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் செலவு.

புதூரிலிருந்து தொடங்குவதானால், முதலில் விளாத்திகுளம் அல்லது கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்குப் போய், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் என்றைக்கு வருகிறார் என்று கேளுங்கள். பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது என்பதையும் அங்கேயே விசாரியுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணமில்லை. முதல் கூட்டம் ஒட்டாவிட்டால் இன்னொன்றுக்குப் போங்கள். மறுபடி குடித்துவிட்டாலும் மறுநாள் கூட்டத்துக்குப் போங்கள். அதற்காக யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள்.