வாளுக்குச் சங்கிலி பூட்டும்போது விடும் பிழைகள்



யாழ்ப்பாணம் சண்டிலிப்பாய்ப் பக்கம் பனை தறிக்கும் எஞ்சின் வாளுக்கு வேலை கடுமை. பனையின் வெளிப்பக்கம் வைரம், உள்ளே சோறு. அடிமரத்தில் மணலும் ஒட்டியிருக்கும். சங்கிலி ஒருதரம் மணலில் பட்டாலே பல்லின் கூர் போய்விடும். (பெண்பனை தறிக்க அனுமதி வேண்டும், 1951ஆம் ஆண்டிலிருந்து அதற்குச் சட்டம் உண்டு.) மலைநாட்டில் விறகுக்கு யூக்கலிப்டஸ் அரிகிறவர்களுக்கும் சங்கிலியின் கணக்கு இதேதான்.

முதற்பிழை கடையிலேயே நடக்கிறது. "நீளம் சரிதானே" எண்டு வாங்கி வந்துவிடுகிறோம். கண்ணியின் அளவு, பாரின் காடிக்குள் ஓடும் பல்லின் தடிப்பு, அந்தப் பற்களின் எண்ணிக்கை, இந்த மூன்றும் பொருந்த வேண்டும். பெரும்பாலும் பாரிலேயே அவை பொறிக்கப்பட்டிருக்கும்.

பாரின் மேற்பக்கத்தில் வெட்டும் பல் மூக்கை நோக்கி இருக்க வேண்டும். நானும் ஒருமுறை மழை இருட்டில் அவசரப்பட்டு மாறிப் பூட்டிவிட்டேன். மரம் அரிபடவில்லை, புகைதான் வந்தது. கூட நின்ற பெடியன், "அண்ணை, வாள் மரத்தைச் சுடுதே!" எண்டான்.

இறுக்குவதில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, கையுறை போடுங்கள். மூடியின் நட்டுகளைச் சற்று இளக்கி, பாரின் மூக்கை மேலே தூக்கிப் பிடித்தபடியே சங்கிலியை இறுக்கி, பிறகு நட்டுகளைப் பூட்டுங்கள். மூக்கைத் தூக்காமல் இறுக்கினால் கொஞ்ச நேரத்தில் சங்கிலி தொங்கும். கழன்றால் கையையோ காலையோ பதம் பார்க்கும். சங்கிலி அடியில் பாரோடு ஒட்டி நிற்க வேண்டும், பிரேக்கை விடுவித்துக் கையால் இழுத்தால் ஓடவும் வேண்டும். சூட்டில் நீண்ட சங்கிலியை இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் இளக்கிவிடுங்கள். ஆறும்போது அது சுருங்கி எஞ்சினின் தண்டையே கெடுக்கும். புதுச் சங்கிலி முதல்நாள் நன்றாக நீளும், அடிக்கடி பாருங்கள்.

அரம் பிடிக்கும்போது முன்னுக்குத் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. ஒரு பக்கம் கூடினால் வாள் வளைந்து அரியும். சீவலுக்குப் பதில் மாத்தூள் விழுந்தால் கூர் போயிற்று எண்டு அர்த்தம். பல்லுக்கு முன்னே நிற்கும் ஆழக்குமிழைச் சிலர் ஆசையில் நிறையத் தேய்த்துவிடுகிறார்கள். வாள் முகத்துக்கு நேரே உதைக்கும். பல சங்கிலிகளுக்கு 0.65 மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

பெற்றோல் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் சங்கிலி எண்ணெயும் ஊற்றுங்கள். லொறியில் இறக்கிய கழிவெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள இரும்புத்தூள் பாரின் காடியை அரித்துவிடும்.