சேமிப்பை மருத்துவமனையில் கரைக்காதீர்கள்

கேள்வி:

மேடம், எனக்கு 23 வயது. கோவையில் எம்.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்து மாதக் கர்ப்பம். திருமணம் ஆகவில்லை. கூடவே இருப்பான் என்று நம்பிய ஆள் போன் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விட்டான். குழந்தையைப் பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்டேன். அதைப் பற்றி அறிவுரை வேண்டாம், பணத்தைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

அப்பா பேசுவதில்லை. அம்மா அவருக்குத் தெரியாமல் எப்போதாவது ஆயிரம், இரண்டாயிரம் ஜிபே பண்ணுவார். தோழியோடு சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன், என் பங்கு 3,500. பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதில் மாதம் 9,000 வருகிறது. அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. தனியார் கிளினிக்குக்கே மாதம் 1,500 போகிறது. வங்கியில் 46,000 இருக்கிறது. மூன்று பவுன் சங்கிலி ஒன்று உண்டு. கல்விக்கடன் 80,000. டிசம்பர் கடைசியில் பிரசவம் என்கிறார்கள். பிரசவத்துக்கு ஒரு லட்சமாவது வேண்டும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகட்டுமா? சங்கிலியை விற்கட்டுமா? தோழி ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில் சேரச் சொல்கிறாள். சேரலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:

சீட்டு வேண்டாம். அதை ஒரே வரியில் முடித்துவிடலாம். குழந்தை பிறந்த பிறகு சில மாதங்கள் உங்களுக்கு வருமானமே இருக்காது. சீட்டுக்காரருக்கு அந்த மாதங்களிலும் தவணை கட்டியாக வேண்டும். முதல் மாதமே தள்ளி எடுத்தால் கழிவு போகக் கிடைப்பது குறைவு, கட்ட வேண்டியதோ முழுசு.

இனி அந்த ஒரு லட்சம். உங்களிடம் பேசியவர்கள் எல்லாரும் பிரசவ நாளையே நினைத்துப் பேசியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்குச் செலவில்லாமல் முடியக்கூடிய ஒரே நாள் அதுதான். பணம் தேவைப்படுவது அதற்குப் பிறகு வரும் ஆறு மாதங்களுக்கு. டியூஷன் நின்றிருக்கும், வாடகை நிற்காது. நீங்கள் புத்தகத்தை எடுக்கும்போது குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் 46,000 அதற்கான பணம். தனியார் மருத்துவமனையில் சிசேரியன் என்று சொல்லிவிட்டால் அது ஒரே பில்லில் போய்விடும். பிள்ளையோடு வீடு திரும்பும்போது கை வெறுமையாக இருக்கும்.

ஆகவே இந்த வாரமே உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் தருவார்கள். பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். கணவர் பெயர் கேட்பார்கள். இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இதுவரை எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கையோடு எடுத்துப் போங்கள். ஐந்தாம் மாதத்தில் பார்க்க வேண்டிய ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதையும் அங்கேயே கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, மாதாந்தரப் பரிசோதனை எதற்கும் காசில்லை. அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கான சத்துமாவும் உண்டு. வாங்கிக்கொள்ள வெட்கப்படாதீர்கள். கிளினிக்குக்குப் போன 1,500-இல் ஆயிரத்தைப் பால், முட்டை, கீரை, பழத்துக்குத் திருப்புங்கள். மிச்சம் 500.

பிரசவத்தைக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வைத்துக்கொள்ளலாம். 2011-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, பரிசோதனை, ரத்தம், தாய்க்கு உணவு எல்லாம் இலவசம். பிள்ளையோடு வீட்டில் கொண்டுவந்து விடவும் வண்டி உண்டு. குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகமும் தருவார்கள். துண்டு, சட்டை, சின்னப் படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு என்று முதல் மாதத்துக்கு அதுவே போதும். அரசு மருத்துவமனை என்றால் படுக்கை நெருக்கடியும் அதட்டல் பேச்சும் இருக்கும், மறைக்கவில்லை. ஆண் பிள்ளைக்கு இவ்வளவு, பெண் பிள்ளைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறவர்களும் இருக்கலாம். கொடுக்க வேண்டியதில்லை, 104-இல் புகார் சொல்லலாம். ஆனாலும் உங்களோடு இருக்கப்போகும் தோழியின் சாப்பாடு, ஆட்டோ, வெளியே வாங்க நேரும் சில்லறைச் சாமான் என்று 5,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 தவணைகளாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், மீதி 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு, 19 வயது நிறைந்திருந்தால். ஆனால் 12 வாரத்துக்குள் பதிவு செய்வது இதற்கு முக்கியம், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். எந்தத் தவணைக்கு இன்னும் வழியிருக்கிறது என்று செவிலியரிடம் கேட்டு விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்துவிட்டு மறந்துவிடுங்கள். வந்தால் வரவு. அரசுப் பணம் எந்த மாதம் வரும் என்று நம்பி வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுக்க முடியாது. மற்ற திட்டங்களுக்கு அலைந்து செருப்புத் தேய வேண்டாம்: புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் இளங்கலையோடு சரி. மகளிர் உரிமைத் தொகை ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவருக்குத்தான். உங்கள் பெயர் இன்னும் பெற்றோர் கார்டில் இருக்கும்.

இனிக் கணக்கு. பிறந்த முதல் மூன்று மாதம்: வாடகை 3,500, சாப்பாடு 3,500, குழந்தைக்கு 1,500, போன் முதலிய 500, ஆக மாதம் 9,000. மூன்று மாதத்துக்கு 27,000, வரவு பூஜ்யம். அடுத்த மூன்று மாதம்: நீங்கள் பாடம் எடுக்கும் நேரம் மட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அம்மா ஒருவருக்கு 3,000 சேர்த்தால் மாதம் 12,000, மொத்தம் 36,000. அதே மூன்று மாதத்தில் டியூஷன் பழையபடி 9,000 வராது. மாதம் 6,000 என்று வைத்தால் 18,000. இந்த ஆறு மாதத்துக்குக் கையிலிருந்து போகப்போவது 45,000. மருத்துவமனைச் சில்லறைக்கு 5,000, கல்லூரிக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று இன்னொரு 5,000. ஆக 55,000 வேண்டும், இருப்பது 46,000. துண்டு விழுவது 9,000. ஒரு லட்சம் என்று பயந்துகொண்டிருந்தீர்களே, பற்றாக்குறை இவ்வளவுதான். உங்கள் ஊர் விலைவாசிக்கு ஏற்ப எண்களை நீங்களே மாற்றிப் போட்டுப் பாருங்கள், கணக்கு உங்கள் பாடம்தானே.

அந்த 9,000-ஐ இப்போதே சம்பாதிக்க முடியும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் டியூஷனுக்கு ஆள் தேடுகிற பெற்றோர் நிறைய. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்று மாதமும் சனி, ஞாயிறு காலையில் மூன்று பிள்ளைகளைக் கூடுதலாக எடுத்தால் ஆளுக்கு ஆயிரம் வீதம் துண்டு அடைபடும். உட்கார்ந்தே பாடம் எடுங்கள். ஒரு வெள்ளைப் பலகையைத் தாழ்வாக மாட்டினால் போதும். எனக்குக் கவலை தருவது வேறொன்று. பொதுத்தேர்வு நெருங்கும் ஜனவரியும் பிப்ரவரியும்தான் டியூஷனுக்கு உச்சகட்டம், நீங்கள் அப்போது கைக்குழந்தையோடு இருப்பீர்கள். அந்த இரண்டு மாதமும் பாடமே எடுக்காமல் விட்டால் பெற்றோர்கள் வேறு ஆளிடம் போவார்கள், திரும்பி வரமாட்டார்கள். நவம்பரிலேயே வகுப்புத் தோழர் ஒருவரை உங்கள் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தி, வரும் பணத்தில் பெரும்பங்கு அவருக்கு என்று பேசிவிடுங்கள். பத்தாவது பிள்ளைகளின் சந்தேகங்களுக்கு இரவில் வாட்ஸ்அப் வீடியோவில் அரை மணி நேரம் நீங்களே பதில் சொல்லுங்கள். ஜனவரியில் வரும் காசுக்காக அல்ல, ஜூனில் அடுத்த செட் பிள்ளைகள் வருவதற்காக.

வேலைக்குப் போவதைப் பற்றி. மகப்பேறு விடுப்புக்கான சட்ட விதிப்படி பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தாலே 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. படிக்க நன்றாக இருக்கிறது. ஐந்து மாத வயிற்றோடு இருக்கும் பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, நான்காம் மாதம் 26 வார விடுப்பும் தரும் கம்பெனியை நீங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே டிசம்பர் வந்துவிடும். அதற்குள் மூன்றாம் செமஸ்டரை நவம்பரில் எழுதி முடித்துவிடலாம். மகப்பேறு விடுப்புக்கும் வருகைப்பதிவுச் சலுகைக்கும் விதி வகுக்குமாறு பல்கலைக்கழக மானியக்குழு 2021 டிசம்பரில் உயர்கல்வி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கும் அது பொருந்தும். துறைத்தலைவரிடம் வாய்ப்பேச்சாகக் கேட்காமல் மருத்துவச் சான்றோடு எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நான்காம் செமஸ்டரில் ஒன்றிரண்டு தாள் அரியர் விழுந்தாலும் போகட்டும். அரியர் கட்டணம் சில நூறுகள். பாதியில் நிறுத்தியவருக்கும் முதுகலை முடித்தவருக்கும் சம்பளத்தில் உள்ள வித்தியாசம் வாழ்நாள் முழுக்க வரும்.

கல்விக்கடனும் இதோடு சேர்ந்ததுதான். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. படிப்பை விட்டுவிட்டால் அந்த நிழல் போய்விடும். படிப்பு நீண்டால், காரணம் காட்டி இரண்டு ஆண்டு வரை நீட்டித்துத் தர வங்கிக்கு இடமுண்டு. அதுவாக நடக்காது, கிளைக்குப் போய்க் கடிதம் கொடுக்க வேண்டும். வாங்கிய கிளை சொந்த ஊரில் இருந்து, அங்கே போக முடியாத நிலை என்றால் ஸ்பீட் போஸ்ட் போதும்.

சங்கிலியை இப்போது தொட வேண்டாம். 46,000 கரைந்த பிறகு வரும் அவசரத்துக்கு அது. அப்போதும் முதலில் அரசு வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அடகு. நான்கைந்து மாதத்தில் மீட்க முடியும் என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும். மீட்க வழி தெரியாமல் அடகு வைப்பது, வட்டியும் கொடுத்து நகையையும் இழப்பதற்குச் சமம். அந்த நிலை வந்தால் சங்கிலியை மாற்றி ஒரு பவுனை மட்டும் விற்றுவிடுங்கள், மீதி இரண்டு நிற்கும். தெருவில் மூன்று வட்டிக்குத் தருகிறவரிடம் போகாதீர்கள். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். 20,000 வாங்கினால் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் ஆண்டுக்கு 7,200 வட்டி. போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப்கள் அதைவிட மோசம். கட்டத் தவறினால் உங்கள் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் அழைத்து அவமானப்படுத்தும் ஆட்கள் அவர்களில் உண்டு.

வாங்க வேண்டாதவை: வாக்கர், பாட்டில் கொதிக்கவைக்கும் இயந்திரம், டப்பா டப்பாவாக டயப்பர். பழைய வேட்டித் துணியும், தூளி கட்ட ஒரு நூல் சேலையும் போதும். தடுப்பூசி புதன்கிழமைகளில் இலவசமாகப் போடுவார்கள். குழந்தை பெயரில் பாலிசி எடுக்கச் சொல்லி ஏஜென்ட் வந்தால் அடுத்த வருஷம் வரச் சொல்லுங்கள். பெண் குழந்தை என்றால் செல்வமகள் கணக்கை 10 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், ஆண்டுக்கு 250 ரூபாய் போதும்.

பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்தால் கட்டணமில்லை. அப்பா பெயர் இல்லாமல் தரமாட்டோம் என்று யாராவது சொன்னால், தனித்தாய் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் சான்றிதழ் தர வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை எடுத்துக் காட்டுங்கள். போனவனைப் பற்றியும் ஒன்று. பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் தகப்பனிடம் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை குழந்தைக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. அவன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றலாம், நியாயம்தான். ஆனால் அது உங்கள் பணம் அல்ல, பிள்ளையின் பணம். பழைய மெசேஜ்களை அழிக்காதீர்கள். வழக்குப் போடுவதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு, 15100-இல் விசாரிக்கலாம். இதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். நீதிமன்றம் உங்கள் ஆறு மாதத்துக்குள் முடித்துத் தராது.

வீட்டுக்காரரிடம் அக்டோபருக்குள் பேசிவிடுங்கள். கைக்குழந்தையோடு வீடு தேடுவது காசையும் உடம்பையும் தின்னும். அவர் மறுத்து, தங்க இடமே இல்லை என்ற நிலை வந்தால் 181-ஐ அழையுங்கள். பெண்களுக்கான அரசு ஆதரவு இல்லங்களுக்கு வழி சொல்வார்கள்.

அம்மா அனுப்பும் ஆயிரம், இரண்டாயிரத்தை நான் வரவில் சேர்க்கவில்லை, கவனித்திருப்பீர்கள். அவரிடம் பணம் கேட்காதீர்கள், நாட்களைக் கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் இருபது நாளாவது வந்து கூட இருக்க முடியுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்; அப்பாவிடம் என்ன சொல்லிக் கிளம்புவது என்று யோசிக்க அவருக்கும் நான்கு மாதம் வேண்டும். வர முடியாது என்றால், அந்த நாட்களில் உங்களுக்குச் சமைத்துப் போடவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் தெரிந்த ஒரு அம்மாளைச் சம்பளம் பேசி அமர்த்த வேண்டியிருக்கும். கூடுதல் டியூஷனை மூன்று பிள்ளைகளோடு நிறுத்தாமல் ஐந்தாக்குவதா, மகப்பேறு நிதியின் ஒரு தவணைக்குக் காத்திருப்பதா என்பதை அம்மாவின் பதில் தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.