பழைய நீல வெள்ளைப் பீங்கான் கைக்கு வந்தால்

சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் உள்ள ஜிங்டெஜென், 14ஆம் நூற்றாண்டிலேயே நீல வெள்ளைப் பீங்கான் வேலைக்குப் பேர்போன ஊர். சுடாத பாத்திரத்தின் மேல் கோபால்ட் மையால் வரைவார்கள். பிறகு கண்ணாடிப் பூச்சு ஏற்றி, சுமார் 1300 டிகிரி சூளையில் வேகவைப்பார்கள். சரக்கைப் பார்க்க உட்காருகிறவர்களுக்குச் சில சொற்கள்.

செய்ய வேண்டியவை

• விரலால் தடவிப் பாருங்கள். படம் பூச்சுக்கு அடியில் இருப்பதால் வழவழவென்று போகும். கோடு மேடாகத் தட்டினால் அது பூச்சுக்கு மேலே தீட்டியது.

• நீலத்தை நிதானமாகப் பாருங்கள்; பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. பாரசீகத்திலிருந்து வந்த கோபால்ட்டில் இரும்பு அதிகம். அதனால் மை தேங்கிய இடங்களில் கருந்திட்டுகள் விழுந்தன. சீனாவிலேயே எடுத்த கனிமத்தில் மாங்கனீஸ் கூடுதல். நீலத்தில் லேசாகச் சாம்பல் ஓடும். மிங் வம்சக் காலத்துத் தொடக்கச் சரக்கின் அந்தத் திட்டுகளே பிற்பாடு அழகாகிவிட்டன. 18ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் அவற்றைத் தூரிகையால் புள்ளி புள்ளியாக வைத்தார்கள்! தானாக விழுந்ததற்கு ஒழுங்கு இருக்காது. வைத்த புள்ளி பல்லிளிக்கும்.

• கோட்டின் வேகத்தையும் பாருங்கள். சுடாத மண் மையைச் சட்டென்று குடித்துவிடும். கோலப்பொடியைப் போலத் துடைத்துவிட்டு மறுபடி இழுக்க முடியாது. போதாக்குறைக்கு, வரையும்போது மை கருஞ்சாம்பலாகத்தான் இருக்கும். நீலம் சூளையைத் திறந்தால்தான் தெரியும். தயங்கித் தயங்கி இழுத்த கோடு என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

செய்யக்கூடாதவை

• அடியில் எழுதியிருக்கும் அரசர் பெயரை வைத்து வயது சொல்லாதீர்கள். காங்ஷி பேரரசர் காலத்துச் சரக்கில் இருநூறு வருடம் முந்தைய செங்ஹுவா பேரரசரின் பெயர் சர்வசாதாரணம். பழமைக்குச் செய்த மரியாதை அது. எல்லாமே மோசடி அல்ல. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள டேவிட் குடுவைகளில் இருக்கும் 1351ஆம் ஆண்டு வேறு வகை: கோயில் காணிக்கை வாசகம், கழுத்திலேயே எழுதியது. யுவான் வம்சக் காலச் சரக்கை இனம்காண அதுதான் அளவுகோலானது.

• கைப்பிடியையோ விளிம்பையோ பிடித்துத் தூக்காதீர்கள். பெரிய குடுவைகள் துண்டு துண்டாகச் செய்து இணைத்தவை. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அடியில் ஒரு கையும் உடம்பில் ஒரு கையும் கொடுங்கள்.

• கொதிநீரில் கழுவாதீர்கள். பழைய ஒட்டு இருந்தால் விட்டுப்போகும்.