கடலில் கொட்டியது என்ன? அதற்கு யார் பொறுப்பு?

மாத்தளையில் கடல் இல்லை. அப்படியிருக்க, கடல் மாசு பற்றிய ஒரு பாடம் இவ்விதழுக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் சுது கங்கையில் விழும் ஒரு வெற்று மருந்துப் போத்தலின் வழியைச் சற்றுப் பின்தொடர்ந்து பாருங்கள். அது அம்பன் கங்கையில் சேர்கிறது. போவதென்னையில் அந்த நீரின் ஒரு பங்கு சுரங்கவழியாகக் கலா ஓயாப் பக்கம் திருப்பப்பட்டு, கடைசியில் மேற்கே புத்தளம் களப்பைச் சென்றடைகிறது. மறு பங்கு மொரகஹகந்தையைக் கடந்து, மகாவலியோடு கலந்து, கிழக்கே கொட்டியாரக் குடாவில் கடலாகிறது. கடலில்லாத எமது மாவட்டத்தின் நீர் இலங்கையின் இரு கரைகளுக்கும் போகிறது.

வேறொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. நீர்த்தேக்கத்துக்காகவோ யுத்தத்தினாலோ ஊரை விட்டு எழும்பி வந்த குடும்பங்களுக்கு ‘வகைப்படுத்தல்’ என்றால் என்னவென்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. உறுதிக்காணி உள்ளவர், அனுமதிப்பத்திரம் உள்ளவர், ஒரு கடுதாசியுமின்றிப் பரம்பரையாகப் பயிர் செய்தவர் என்று பட்டியல் எழுதப்படும்போது, எந்த நிரலில் பெயர் விழுந்ததோ அதன்படிதான் நட்டஈட்டுக் கணக்கும் தொடங்குகிறது. மூவரின் வயலும் ஒரே நீரில்தான் மூழ்கியது. கடலை நாசமாக்கும் பொருட்களின் கதையும் இதுதான். எந்தப் பொருள் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதே, யார் பணம் கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கான முதற்படி.

எரிந்த கப்பல்

2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி, கொழும்புக்கு அப்பால் ஏறக்குறைய 9½ கடல் மைல் தூரத்தில் நங்கூரமிட்டிருந்த ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்ற சிங்கப்பூர்க் கொடிக் கப்பல் தீப்பிடித்தது. அது கட்டி முடித்துச் சில மாதங்களேயான புதுக் கப்பல். அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் 81 கொள்கலன்களில் ஆபத்தான பொருட்கள் என்று பதிவு செய்யப்பட்ட சரக்குகள் இருந்தன. 25 தொன் நைத்திரிக் அமிலமும் அவற்றில் அடங்கும். அமிலக் கொள்கலன் ஒன்று கொழும்புக்கு வருமுன்னரே ஒழுகத் தொடங்கியிருந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அதை இறக்க இடம் கேட்கப்பட்டது, இரண்டும் மறுத்துவிட்டன. கப்பல் எமது கரைக்கு வந்து எரிந்தது. ஜூன் 2ஆம் திகதி அது மூழ்கத் தொடங்கியது.

அமிலம் இருந்தது, எரிசோடா இருந்தது, மெதனோல் இருந்தது, கப்பலின் எரிபொருள் இருந்தது. ஆனால் கரையில் குவிந்தது இவையெதுவுமல்ல. பருப்பளவு வெள்ளை மணிகள்தாம் குவிந்தன. பிளாஸ்டிக் வாளி, பை, குழாய் எல்லாம் செய்வதற்குத் தொழிற்சாலைகள் உருக்குகின்ற மூலப்பொருள் இது. ஏறக்குறைய 1,680 தொன் அந்தக் கப்பலில் இருந்தது. சில கரைகளில் முழங்கால் மட்டும் மணி கிடந்தது. உலகில் இதுவரை ஒரே சம்பவத்தில் நேர்ந்த மிகப் பெரிய பிளாஸ்டிக் மணிக் கசிவு இதுவே என்று ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு குறிப்பிட்டது. நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை வந்தது. ஆமைகளும் டொல்பின்களும் செத்துக் கரையொதுங்கின. மீன் வாங்கவும் சனங்கள் பயந்தார்கள்.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

எது எந்த வகை?

கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையை ‘மார்போல்’ என்பார்கள். 1973இல் எழுதப்பட்டு 1978இல் திருத்தப்பட்டது. அதற்கு ஆறு இணைப்புகள் உண்டு: எண்ணெய், தாங்கிகளில் ஏற்றும் நச்சுத் திரவங்கள், பொதி செய்யப்பட்ட கேடான பொருட்கள், மலசலக் கழிவு, குப்பை, புகை. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சட்டம். குப்பை பற்றிய இணைப்பின்படி பிளாஸ்டிக்கை எந்தக் கப்பலும் எந்தக் கடலிலும் வீசக்கூடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

தாங்கிகளில் ஏற்றும் திரவங்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். ‘எக்ஸ்’ வகை மிகக் கேடானது. கடலில் விடவே கூடாது, தாங்கியைக் கழுவிய நீரையும் துறைமுகத்தில் ஒப்படைத்துவிட்டே கப்பல் புறப்பட வேண்டும். ‘வை’ வகை அதற்கு அடுத்தது, ‘இஸட்’ வகை அதனிலும் குறைந்தது. இவ்விரண்டின் எச்சத்தைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், 25 மீற்றருக்குக் குறையாத ஆழத்தில், ஓடிக்கொண்டிருக்கும் கப்பலிலிருந்து மட்டுமே விடலாம். நான்காவது ‘ஓ.எஸ்.’ வகை, கேடில்லாதது என்று கணிக்கப்பட்டவை.

நாம் கறிக்கு ஊற்றும் தேங்காய் எண்ணெய் எந்த வகை என்று நினைக்கிறீர்கள்? ‘வை’ வகை. உண்ணும் பொருள்தானே என்று தாவர எண்ணெய்களுக்கு முன்னர் பெரிய கட்டுப்பாடு இருக்கவில்லை. தாங்கி தாங்கியாகக் கடலில் கொட்டினால் அது பறவையின் இறகில் ஒட்டும், நீரின் மேல் படலமாகி மூச்சை அடைக்கும் என்று கண்ட பின்னரே, 2007ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அவற்றை மேலே தூக்கிப் போட்டார்கள். பட்டியல் மாறக்கூடியது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கொள்கலனிலும் பீப்பாயிலும் போகும் சரக்குக்கு வேறு பட்டியல். வெடிபொருள், வாயு, எரியும் திரவம், எரியும் திண்மம், எரிதலைத் தூண்டுவது, நஞ்சு, கதிர்வீச்சுப் பொருள், அரிக்கும் பொருள், ஏனையவை என ஒன்பது வகுப்புகள். நைத்திரிக் அமிலம் எட்டாம் வகுப்பு. கடலுக்குக் கேடு என்று கணிக்கப்பட்டால், பட்டுப்போன மரமும் செத்த மீனும் வரைந்த அடையாளம் ஒட்ட வேண்டும். அந்தப் படத்தை வயல் மருந்துப் பெட்டிகளிலும் நீங்கள் கண்டிருக்கலாம்.

சரி, அந்த வெள்ளை மணிகள் இந்த ஒன்பதில் எந்த வகுப்பு?

எந்த வகுப்பிலும் இல்லை! கையில் எடுத்தால் சுடாது, மணக்காது, வெடிக்காது. ஆகவே அரிசி மூட்டை, துணி மூட்டைபோலச் சாதாரண சரக்காகவே ஏற்றப்பட்டது. ஒரு பிளாஸ்டிக் பையைக் கடலில் வீசுகின்ற மாலுமி குற்றவாளி. ஆனால் ஆயிரம் பைகளுக்கான மூலப்பொருளைக் கப்பலின் மேல்தட்டில் அடுக்கி வைக்க விசேட விதியேதும் இருக்கவில்லை. அழிவின் பின்னர் இலங்கை இதைச் சர்வதேச கடல்சார் அமைப்பில் எழுப்பியது. நீண்ட விவாதத்தின் பின்னர் 2024இல் ஒரு சுற்றறிக்கை வெளிவந்தது: மணிகளை உறுதியான பொதிகளில் கட்டவும், சரக்கு விபரத்தில் தெளிவாக எழுதவும், இயன்றவரை மேல்தட்டில் வைக்காமல் கீழே வைக்கவும். நல்ல விடயம். ஆனால் அது ஒரு சிபாரிசு, கட்டாயமல்ல. ‘இயன்றவரை’ என்ற சொல்லின் பெறுமதியை அரச கடிதங்கள் வாசித்துப் பழகிய உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தண்டம் வேறு, நட்டஈடு வேறு

இவ்விரண்டையும் பலர் ஒன்றாக எண்ணுகிறார்கள். தண்டம் குற்றத்துக்கானது; அது அரசைச் சேரும். நட்டஈடு இழப்புக்கானது, இழந்தவரைச் சேர வேண்டும்.

எமது நாட்டில் இரண்டுக்கும் வழி செய்வது 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டம். கடல் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை இதன்படி இயங்குகிறது. எண்ணெயையோ வேறு மாசுபொருளையோ எமது கடலில் வெளியேற்றினால் குறைந்தது 40 இலட்சம், கூடியது 1 கோடி 50 இலட்சம் ரூபா தண்டம் என்று அச்சட்டத்தில் எழுதினார்கள். 2020 செப்டெம்பரில் கிழக்கே சங்கமன்கண்டிக்கு அப்பால் ‘நியூ டயமன்ட்’ எண்ணெய்க் கப்பல் எரிந்தபோது, அதன் தலைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1 கோடி 20 இலட்சம் ரூபா தண்டம் கட்டினார்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுங்கள். சட்டம் எழுதிய 2008இல் ஒரு டொலர் ஏறக்குறைய 108 ரூபா. அந்த நேரத்தில் 1½ கோடி ரூபா என்பது கிட்டத்தட்ட 1,39,000 டொலர். டொலர் 300 ரூபாவைத் தொட்ட பின்னர் அதே தொகை 50,000 டொலர்தான். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் வெளிநாட்டுக் கப்பல்காரருக்குத் தண்டம் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. ரூபாவில் இறுக்கிக் கட்டிய தண்டத்துக்கு இந்தக் கதிதான் வரும். வருமானத்தின் விகிதமாகவோ, கொட்டிய தொன் கணக்கிலோ விதிப்பதே முறை என்பது என் அபிப்பிராயம்.

நட்டஈட்டின் கதை இன்னும் நீளம். கப்பல்காரர் செலுத்த வேண்டிய நட்டஈட்டுக்கு உச்சவரம்பு வைக்க ஒரு சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. அந்த வரம்பு சேதத்தின் அளவைப் பார்ப்பதில்லை, கப்பலின் பருமனைப் பார்க்கிறது. அதன்படி 2023 ஜூலையில் லண்டன் நீதிமன்றம் எக்ஸ்பிரஸ் பேர்ள் தரப்பின் பொறுப்பை ஏறக்குறைய 1 கோடி 90 இலட்சம் பவுணுக்கு மட்டுப்படுத்தியது.

கொழும்பில் நடந்தது வேறு. சுற்றாடல் நீதிக்கான மையமும், கடற்றொழிலாளர்களும், கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அவர்களும், வேறு சிலரும் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்திருந்தார்கள். 2025 ஜூலை 24ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலரைத் தவணைகளாகச் செலுத்த வேண்டும். அழுக்காக்கியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடே தீர்ப்பின் முதுகெலும்பு. எமது அரச தரப்பிலும் உரிய நேரத்தில் உரிய நடவடிக்கை எடுக்காதவர்கள் இருந்தார்கள் என்று நீதிமன்றம் கண்டது. அதே ஆண்டு செப்டெம்பரில், அந்தத் தொகையைச் செலுத்தப் போவதில்லை என்று கப்பல் நிறுவனத் தலைவர் ஊடகங்களுக்குக் கூறினார். லண்டன் சொன்னதற்கும் கொழும்பு சொன்னதற்கும் இடையில் ஏறக்குறைய நாற்பது மடங்கு வித்தியாசம். அந்த இடைவெளியில்தான் மீனவக் குடும்பங்கள் நிற்கின்றன.

எமது ஆற்றங்கரையில்

அழுக்காக்கியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு கப்பல் வழக்கில் திடீரென முளைத்ததல்ல. 1992இல் ரியோ மாநாட்டுப் பிரகடனத்தில் அது இடம்பெற்றது. எமது உயர் நீதிமன்றத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் விவசாயிகள். எப்பாவல பொஸ்பேற்றுப் படிவத்தை வெளிநாட்டுக் கம்பனியோடு சேர்ந்து வெட்டியெடுக்கும் திட்டத்தால் காணியும் குளமும் போகுமென்று கண்ட அந்தப் பகுதி விவசாயிகளும் ஒரு பௌத்த பிக்குவும் வழக்குத் தொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு திட்டத்தைத் தடுத்து நிறுத்தியது. பின்னர், 2019 ஏப்ரலில் சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், அங்கு இயங்கிய மின்நிலையக் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்று அதே நீதிமன்றம் கட்டளையிட்டது. கடலுக்குச் சொன்ன நீதி கிணற்றுக்கும் உண்டு.

நிலத்திலும் பட்டியல்கள் இருக்கின்றன. பீடைகொல்லிகளை உலக சுகாதார அமைப்பு நஞ்சின் கடுமைப்படி வகுப்பாகப் பிரித்திருக்கிறது. முதலாம் வகுப்பு மருந்துகள் முழுவதையும் இலங்கை 1995இல் தடை செய்தது; 1998இல் எண்டோசல்பானையும் தடை செய்தது. அதன் பின்னர் மருந்து குடித்து இறப்போர் தொகை குறைந்தது. ஆனால் இந்த வகுப்பு மனித உடலுக்குச் செய்யும் கேட்டை அளக்கிறதே தவிர, மீனுக்குச் செய்யும் கேட்டையல்ல. ‘மனிசருக்கு அவ்வளவு விஷமில்லை’ என்ற மருந்து, வாய்க்காலில் கழுவிய தெளிகருவியிலிருந்து போய் மீன்குஞ்சைக் கொல்லக்கூடும். போத்தலில் மரமும் மீனும் வரைந்த படம் இருக்கிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான்.

தொழிற்சாலைகளுக்கும் இப்படியே. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், கழிவு வெளியேற்றும் தொழில்கள் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். 2008ஆம் ஆண்டின் வர்த்தமானி அவற்றை மூன்றாகப் பிரித்தது: கூடுதலாக மாசாக்குபவை, நடுத்தரமானவை, குறைவாக மாசாக்குபவை. முதல் இரண்டுக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும், மூன்றாவதற்கு உள்ளூராட்சி மன்றமும் பொறுப்பாக்கப்பட்டன. ஊருக்கு மேலேயுள்ள ஆலை எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தெரியாமல் முறைப்பாடு எழுதினால், கடிதம் ஒரு கந்தோரிலிருந்து மறு கந்தோருக்கு அலையும். அதற்குள் ஆற்று நீர் தெளிந்துவிடும், சாட்சியும் போய்விடும்.

ஆகவே நீர் நிறம் மாறிய அன்றைக்கே திகதி, நேரம், இடம், மணம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். படம் எடுங்கள். கழுவிய சுத்தமான போத்தலில் நீரை நிரப்பி மூடி, மேலே திகதி எழுதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவியுங்கள். ஆய்வுக்கு முறைப்படி மாதிரி எடுக்க வேண்டியவர்கள் அதிகாரிகள், உங்கள் போத்தல் அவர்களை வரவழைப்பதற்கு. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து கையொப்பமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பொதுத் தொல்லை என்ற பிரிவின் கீழ், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்படி நீதவான் நீதிமன்றத்திலும் முறையிடலாம். கேட்டை நிறுத்துமாறு கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

ஆலையின் அனுமதிப்பத்திரம் எந்தப் பட்டியலில், என்ன நிபந்தனைகளோடு வழங்கப்பட்டது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எவரும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதி, அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும்.