கோடை விடுமுறைக்கு ஒரு கீரைப் பாத்தி

எட்டாம் வகுப்பினருக்குக் கோடை விடுமுறையில் நான் தரும் செயல்திட்டம், ஒரு பாத்தி சிறுகீரை. இடமில்லாதவர்களுக்குப் பழைய சாக்கு போதும். அரிசி கழுவிய நீரை ஊற்றலாம். சுமார் 25 நாளில் பறிக்கலாம். சமைப்பதும் அவர்களே, பையன்களுக்கும் விலக்கில்லை.

கீரையை அலசிவிட்டுத்தான் நறுக்க வேண்டும். நறுக்கியபின் அலசினால் வைட்டமின் சி நீரில் கரைந்துபோகும். பருப்புடன் கடைந்து இறக்கியதும் எலுமிச்சைச் சாறு பிழியச் சொல்வேன். கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க அது உதவுகிறது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தப் பயன் குறையும். எங்கள் மாணவியர் பலருக்கு ரத்தசோகை இருப்பதால் இதை இரண்டு முறை சொல்கிறேன்.

பள்ளி திறந்ததும் விதைத்த நாள், பறித்த நாள், சமைத்த முறை மூன்றையும் குறிப்பேட்டில் பார்ப்பேன். படம் ஒட்டியிருந்தால் மதிப்பெண் கிடையாது.