விண்வெளிப் பாதை வழவழப்பானதா?

மாணவர்களே, பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். அதில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஒன்றாகப் புறப்படுகின்றன. ஒன்றின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். மற்றதன் வேகம் 59. முதல் நூறு மீட்டரில் வேறுபாடு தெரியாது. மறுமுனையிலோ, இரண்டாவது வண்டி ஏறக்குறைய 14 விநாடி பின்தங்கியிருக்கும். தூரம் கூடினால் சிறிய வேக வேறுபாடும் வெளிப்பட்டுவிடும். இயற்பியலின் பெரும் புதிர் ஒன்றை ஆராய இந்த வழி உதவுகிறது.

புதிர் என்ன?

அணுவின் உலகைக் குவாண்டம் இயற்பியல் விளக்குகிறது. ஈர்ப்பு விசையை ஐன்ஸ்டைன் 1915இல் தந்த பொதுச் சார்பியல் விளக்குகிறது. கருந்துளையின் மையத்தை விளக்க இரண்டும் தேவை. ஆனால் அங்கே இரண்டும் பொருந்தவில்லை. இவற்றை இணைக்கும் முயற்சியே குவாண்டம் ஈர்ப்பு. வெற்று வெளியும் மணல்போல் நுண்ணிய மணிகளால் ஆனதாக இருக்கலாம் என்பது அதில் ஒரு கருத்து. அந்த மணி, புரோட்டானைவிட எத்தனை மடங்கு சிறியது? 1 எழுதி 20 சுழியங்கள் போடுங்கள்! எந்தக் கருவியாலும் அதை நேரில் காண முடியாது.

ஒளியே சாட்சி

கரடுமுரடான சாலையில் லாரியின் பெரிய சக்கரத்தைவிடத் தள்ளுவண்டியின் சிறு சக்கரம் அதிகம் குலுங்கும். ஆற்றல் மிகுந்த ஒளிக்கு அலைநீளம் குறைவு. ஆகவே, வெளி மணிமணியாக இருந்தால் அந்த ஒளி இம்மியளவு தாமதிக்கலாம் எனச் சிலர் கணித்தனர்.

2009 மே 10ஆம் நாள், ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி ஒரு காமா கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. அந்த ஒளி 730 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்தது. அது புறப்பட்டபோது பூமியே இல்லை. அதில் ஓர் ஒளித்துகளின் ஆற்றல், நாம் காணும் ஒளியைப்போல் ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல். வெடிப்பின் முதல் ஒளி வந்த ஒரு விநாடிக்குள் அதுவும் வந்துவிட்டது. எனவே, வழியில் தாமதம் இருந்திருந்தாலும் அது ஒரு விநாடியைத் தாண்டாது.

இதனால் குவாண்டம் ஈர்ப்பு பொய்யாகிவிடவில்லை. அதிகத் தாமதத்தை எதிர்பார்த்த எளிய கணிப்புகள் மட்டுமே தோற்றன. தவறான வழியை அடைப்பதும் அறிவியலில் முன்னேற்றமே.

தேடல் தொடர்கிறது. காமா கதிர்களை ஆராயும் மேஸ் தொலைநோக்கி, 2024இல் இந்தியாவின் லடாக் பகுதியில் திறக்கப்பட்டது. அது நிற்கும் இடம் நம் பினாங்கு மலையைப்போல் ஐந்து மடங்கு உயரம்!

பயிற்சி: பினாங்கின் இரண்டாம் பாலத்தின் நீளம் 24 கிலோமீட்டர். அதே இரு வண்டிகள் அதில் சென்றால், எத்தனை விநாடி இடைவெளி ஏற்படும்? கணக்கிட்டுப் பாருங்கள்.